வாடகை என்ஜின்

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
பெட்டி வந்தது.
கோரிப்பாளையம் அடைப்பு. பார்சல் வேன்
ஒத்தக்கடையிலேயே நின்றுவிட்டது.
குட்டியானை எடுத்துப்போய்
நானும் அஸ்மத்தும் சுற்றுச்சாலை வழியே
கப்பலூர் பட்டறைக்குக் கொண்டுவந்தோம்.
வேகத்தடை வரும்போதெல்லாம்
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான்கு போல்ட். நான்கிலும்
கம்பி கோத்து ஈய முத்திரை.
உடைத்தால் ஒப்பந்தம் முறியும்.
கூடவே ஒரு கடிதம்:
எங்கள் அணி ஓட்டும் அதே என்ஜின்.
அந்த ‘அதே’யை மட்டும்
தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள்.
தடித்த எழுத்தை நான் நம்புவதில்லை.

போன வருடம் இருங்காட்டுக்கோட்டை நேர்பாதையில்
கம்பெனி அணியின் சிவப்பு வண்டி
பெத்தணனை மூன்று முறை தாண்டியது.
மூன்று முறையும் ஒரே இடத்தில்,
விளம்பரத் தட்டியில் ‘சிமென்ட்’ என்ற சொல்
முடிகிற இடத்தில்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்:
‘அண்ணே, அவனுக்கு வேற எதையோ
குடுத்திருக்காய்ங்க.’

வேறு எது என்று தெரிய வேண்டும்.
இரவு பதினொன்றுக்கு டைனோவில் ஏற்றினோம்.
கம்பெனியை விட்டு வந்த ஒருவர்
அவர்கள் வரைபடத்தை
நான்காக மடித்துத் தந்திருந்தார்,
சட்டைப்பையின் வியர்வையோடு.
என் பதினோரு மாத வாடகை
உறுமி ஏறி, உச்சத்தில் கத்தி,
இறங்கியது.

எங்கள் தாளை அவர்கள் தாளின்மேல் வைத்து
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள் அஸ்மத்.
ஒரே கோடு.
பதினோராயிரம் சுற்றில் மட்டும்
மயிரிழை விலகல்.
‘அது நம்ம ஊர்க் காத்தோட சூடு’ என்றாள்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.
ஏமாற்றியிருந்தால்
எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.
ஒரு தந்தி, ஒரு சண்டை,
தோற்றதற்கு ஒரு பெயர்.

‘தேதியப் பாருங்க’ என்றாள்.
அவர்கள் தாளின் மூலையில்
நவம்பர் பன்னிரண்டு.
எங்களுடையது மே.

நவம்பரில் அவர்கள்
இந்த என்ஜினைச் சுற்றித்தான் சட்டத்தையே வளைத்தார்கள்.
ரேடியேட்டரில் இரண்டு விரற்கடை குறைத்தார்கள்.
டேங்கைப் பின்னால் தள்ளினார்கள்.
எந்தச் சுற்றில் இருமும், எந்த கியரில் முரண்டும்
என்று அந்த ஓட்டுநனின் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது.
நாங்கள் இப்போதுதான்
அடைப்புப் பலகையை ரம்பத்தால் அறுத்து
உள்ளே இடம் தேடுகிறோம்.

பரிமாறுகிறவர் நம்மவரானால்
கடைசிப் பந்தியிலும் உட்காரலாம் என்பார்கள்.
இங்கே பரிமாறுகிறவரே
முதல் இலையில் உட்கார்ந்திருக்கிறார்.

இதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது
போன் அதிர்ந்தது.
திண்டுக்கல் பையன்கள்.
நாங்கள் கட்டிய பழைய நூற்றைம்பதை
புதியவர் பிரிவுக்கு வாடகைக்கு எடுத்தவர்கள்.
‘அண்ணா, மேப் ஃபைல் இன்னும் வரல.’
அதற்கு மேலே, போன வாரம்: ‘அண்ணா, மேப்?’
அதற்கும் மேலே ஒரு கும்பிடு, வெறும் படம்.

அதே பிரிவில் எங்கள் வண்டியும் ஓடுகிறது.
அவர்கள் என்ஜினில் குறை வைக்கவில்லை,
சத்தியமாக.
பிஸ்டன்கள் ஒரே பெட்டியில் வந்தவை.
அதில் எது எங்களுக்கு என்று
எடை பார்த்து எடுத்தது மட்டும் நான்.

‘வியாழக்கிழமை ராத்திரி அனுப்புறேன் தம்பி,
அதே ஃபைல்தான்’
என்று தட்டினேன்.
வெள்ளி காலை அவர்களுக்குப் பயிற்சி ஓட்டம்.
‘அதே’ என்று எழுதும்போது
விரல் தடுக்கவில்லை.

மேசை விளிம்பில்
அவர்கள் பெட்டிக்கு நான் அடித்த முத்திரையின்
மிச்ச ஈயம் கிடந்தது.
எடுத்தேன். கறுப்பு ஒட்டியது.
அஸ்மத் விளக்கணைக்கப் போனாள்.
‘இரு’ என்றேன்.

ஃபைல் இரண்டே எம்பி.
டோல்கேட்டில் லாரிகள்
ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன.
இன்று திங்கள்.